ஒரு கேபிள் கழன்ற பிறகு

'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பலின் சுக்கான் அறைக்கு மேல், திறந்த கூரையில் ஒரு கேபிள் ஓடியது. ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு வந்து சேரும் செயற்கைக்கோள் சிக்னலைக் கீழே உள்ள பெட்டிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. முதலில் ஆன்டெனா ரேடார் கம்பத்தில் இருந்தது. சிக்னலில் அவ்வப்போது இடையூறு வந்ததால் 1995 பிப்ரவரியில் அதை இடம் மாற்றினார்கள். புது இடத்தில் கேபிள் நடப்பவர் காலில் தட்டும்படி கிடந்தது. கப்பலுக்கு வண்ணம் பூசியபோது அதன்மேலும் இருமுறை பெயின்ட் ஏறியது.

ஜூன் 9 நண்பகலில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கப்பல் புறப்பட்டது. உள்ளே 1,509 பேர். துறைமுகத்தை விட்டதும் ஓர் அதிகாரி முறைப்படி ஜிபிஎஸ் காட்டிய இடத்தை லோரான்-சி காட்டியதோடு ஒப்பிட்டார். லோரான்-சி தரையிலுள்ள வானொலிக் கோபுரங்களை வைத்து இடம் சொன்ன கருவி. இரண்டும் ஒரு மைல் அளவுக்குள் ஒத்துப்போயின. கிளம்பி ஒரு மணி நேரம் ஆகும் முன்பே கேபிள் ஆன்டெனாவிலிருந்து கழன்றது.

பெட்டி அணையவில்லை, எண்களும் மறையவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து, கப்பலின் வேகத்தையும் திசையையும் வைத்துப் பெட்டி தானே கணக்குப் போட ஆரம்பித்தது. மாலுமிகள் காலங்காலமாகத் தாளில் போட்ட கணக்குதான். ஆனால் அதற்குக் காற்றும் தெரியாது, நீரோட்டமும் தெரியாது. கைக்கடிகாரம் கீச்சிடுவதுபோல ஒரு நொடி ஒலி எழுந்தது. பிறகு திரையில் 'டிஆர்', 'எஸ்ஓஎல்' என்று சின்னஞ்சிறு எழுத்துகள் தோன்றி, 34 மணி நேரமும் அங்கேயே நின்றன. இது அனுமானம் என்று அந்த எழுத்துகளால் பெட்டி சொல்லிக்கொண்டேதான் இருந்தது. இட எண்களைப் பெரிதாகவும் சந்தேகத்தைச் சிறிதாகவும் காட்டும் திரையை வடிவமைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உரக்க ஒலிக்கும் வெளி அலாரத்துக்குப் பெட்டியில் வசதி இருந்தது. யாரும் அதை இணைக்கவில்லை.

தவறான இடம் பெட்டியோடு நிற்காமல் தானியங்கிச் சுக்கானுக்கும் போனது. அந்தக் கருவி தன் சொந்தக் கணக்கை ஜிபிஎஸ் தரும் இடத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் வந்தால் எச்சரிக்கும். இப்போது இரண்டுமே ஒரே வேகத்திலும் ஒரே திசையிலும் பிறந்த கணக்குகள். எப்படி முரண்படும்? திரையில் கப்பல் கோடு பிசகாமல் போனது. மணிக்கொருமுறை அதிகாரிகள் அதே இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். ஊகம் தாளில் புள்ளியாக விழுந்ததும் அதற்குச் சாட்சியின் மதிப்பு வந்துவிட்டது. கிழக்கிலிருந்து அடித்த காற்றும் அலையும் கப்பலை மணிக்கு அரை மைல் வீதம் தள்ளிக்கொண்டிருந்தன. லோரான்-சி சரியான இடத்தையே காட்டியது. அதை ஜிபிஎஸ் பழுதானால் பார்ப்பதற்கென்று வைத்திருந்தார்கள். பார்த்தால்தான் பழுதே தெரியும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 10 மாலை, பாஸ்டன் கப்பல் பாதையின் தொடக்கத்தைக் குறிக்கும் மிதவை ரேடாரில் எதிர்பார்த்த நேரத்தில் தெரிந்தது. உண்மையில் அது ஒரு மூழ்கிய கப்பலைக் குறிக்கும் வேறு மிதவையாகவே இருந்திருக்க வேண்டும். வெயில் கூசியதால் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியவில்லை. அடுத்த மிதவை தென்படவே இல்லை. கேப்டன் கேட்டபோது, பார்த்தாயிற்று என்றார் இரண்டாம் அதிகாரி. ஜிபிஎஸ் அந்த இடத்தைக் கடந்ததாகக் காட்டியதே, அது போதுமென்று நினைத்துவிட்டார்.

ஆனால் காவலுக்கு நின்ற மாலுமிகள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடப்புறம் மஞ்சள் விளக்கு தெரிகிறது என்றார் ஒருவர். பிறகு, உயரத்தில் பல சிவப்பு விளக்குகள் தெரிகின்றன என்று இரு பக்கத்துக் காவலர்களும் சொன்னார்கள். நடுக்கடலில் அத்தனை உயரத்தில் விளக்குகள் ஏது? அது கரை. கடைசியில் இடப்பக்கத்துக் காவலர், நேர் முன்னே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் தெரிவதாகச் சொன்னார். ஆழம் குறைந்த மணல்மேல் அலை உடையும் நிறம் அது. இரண்டாம் அதிகாரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார்; எதுவும் செய்யவில்லை. அங்கிருந்த மீன்பிடிப் படகுக்காரர்களும் வானொலியில் ஒரு பயணக் கப்பலை அழைத்து, அது இருக்கும் இடத்தைச் சொன்னார்கள். கப்பலிலிருந்து பதில் வரவில்லை. ஆழமானி எச்சரித்திருக்கலாம். அதன் எச்சரிக்கை அளவு பூஜ்யத்தில் வைக்கப்பட்டிருந்தது.

இரவு 10.25க்கு, நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே பத்து மைல் தூரத்தில், ரோஸ் அண்ட் கிரவுன் மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. ரேடாரில் தீவின் தூரத்தை அளந்து வரைபடத்தில் வைத்த பிறகே கேப்டனுக்கு ஜிபிஎஸ் எவ்வளவு தவறு என்று தெரிந்தது. நினைத்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடையே 17 மைல். யாருக்கும் காயமில்லை. மறுநாள் இரவு இழுவைப் படகுகள் கப்பலை மீட்டன. பழுதுபார்த்த செலவும் வருமான இழப்புமாகச் சுமார் 70 லட்சம் டாலர் போனது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1997இல் தந்த அறிக்கை, தானியங்கிக் கருவிகளை அதிகாரிகள் அளவு மீறி நம்பியதை முதலில் வைக்கிறது. சரியான பயிற்சி தராத நிறுவனத்தையும் கருவி வடிவமைப்பையும் சேர்த்தே குறைசொல்கிறது. கடைசியில் இன்னொரு காரணமும் உண்டு: தடம் மாறியதைக் காட்டிய பல அடையாளங்கள் வந்தும் இரண்டாம் அதிகாரி செயல்படவில்லை. அந்த அடையாளங்களில் பல, காவலுக்கு நின்றவர்கள் அவரிடம் வாய்விட்டுச் சொன்னவை.