இரைக் கள்வன்

"ஏட்டி, தோலை உரிக்காத. தோலுதான் நண்டுக்குப் பூட்டு."

தாத்தா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. மணப்பாட்டுக்கு வடக்கே எங்கள் கரையில், ஓலைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து நான் கணவாய் நறுக்குவேன். ஆண்டு 1961. எனக்கு ஏழு வயது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது அந்த ஆண்டுதான். ஊரே முத்துச் சிப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. தாத்தா மட்டும் நண்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் தூண்டில்காரர். ஒரு நீண்ட தாய்க்கயிறு, அதிலிருந்து பாகத்துக்கு (விரித்த இரு கை நீளத்துக்கு) ஒன்றாகத் தொங்கும் சிறு கயிறுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தூண்டில் முள். அந்தச் சிறு கயிறுகளுக்குக் கால் என்று பெயர். அதனால்தான் ஆயிரங்கால் தூண்டில். ஆயிரம் இருக்காது, தாத்தாவுடையதில் 240 இருந்தன. அந்தியில் கொண்டுபோய்க் கடலடியில் கிடத்திவிட்டு, விடியும் முன்பே போய் இழுப்பார்கள். கலவா, விளமீன், பாறை, திருக்கை எல்லாம் வரும். வராத நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் முள்ளெல்லாம் வழித்துத் துடைத்ததுபோல மினுங்கிக்கொண்டு மேலே வரும்.

வெறும் முள்ளைப் பார்த்தே யார் தின்றது என்று தாத்தா சொல்வார். பெரிய மீன் இழுத்திருந்தால் இரை ஒரேயடியாகப் போயிருக்கும், அல்லது பாதி துண்டாகியிருக்கும். நண்டு தின்ற இரையோ நார் நாராகக் கிழிந்து கிடக்கும். முள்ளின் வளைவில் மட்டும் கொஞ்சம் தோல் ஒட்டியிருக்கும். காலின் நூலில் கொடுக்கு பட்ட இடம் பிசிறு தட்டியிருக்கும். அப்போது பருத்தி நூல்தான். பிசிறு தட்டிய கால் அடுத்த பெரிய மீனுக்குத் தாங்காது. நண்டு இரையை மட்டும் திருடவில்லை, நாளைக்கு வரவேண்டிய மீனையும் சேர்த்துத் திருடியது.

பிறகு கல்லூரியில் தமிழ் படித்தபோது ஐங்குறுநூறு கையில் வந்தது. மருதத்திணையில் ஓரம்போகியார் பாடிய நூறில் ஒரு பத்துக்குக் கள்வன் பத்து என்று பெயர். கள்வன் என்றால் அங்கே திருடன் இல்லை, நண்டு. விளைந்த வயலில் நெற்கதிரை எடுத்துக்கொண்டு ஈரமண் வளைக்குள் போகிற நண்டை அந்தப் பாட்டுகளில் ஒன்றில் பார்க்கலாம். வாசித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தறியாத என் தாத்தா நண்டைக் 'களவாணி' என்று வைத பேச்சுக்கும், ஏறக்குறைய 2,000 ஆண்டு முந்தைய புலவரின் சொல்லுக்கும் நடுவில் தூரமே இல்லை. சொற்பிறப்பை அறிஞர்கள் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கட்டும். திருடனுக்கும் நண்டுக்கும் ஒரே சொல் வந்தது தற்செயல் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது.

தூண்டிலும் அதே அளவு பழையது. குறுந்தொகையில் ஒரு புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்றே பெயர். அவர் பாட்டில் வரும் உவமைதான் அவருக்குப் பெயரானது. தூண்டில் இருந்த காலமெல்லாம் இரையைத் திருடும் நண்டும் இருந்திருக்கும். அதைத் தடுக்கும் வழிகளையும் யாரோ கண்டுபிடித்துக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

தாத்தாவின் வழிகள் எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். சாளையை இரையாகப் போட்டால் நண்டுக்கு விருந்து. சதை மென்மை, எண்ணெய் அதிகம், வாடை நெடுந்தூரம் போகும். நண்டின் முகத்தில் கண்களுக்கு நடுவே இரண்டு சிறு உணர்கொம்புகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் வருகிற வாடையை அவற்றால்தான் பிடிக்கிறது. நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிராக நடந்து நேரே இரைக்கு வந்துவிடும். சாளை மலிவுதான், ஆனால் நண்டு மேயும் மணல் தரையில் அதைப் போடுவது காசைக் கடலில் கொட்டுவது என்பார் தாத்தா. ஆகவே கணவாய், கிடைத்தால் பேய்க்கணவாய். தோலோடு இரண்டு விரல் அகலத்துக்கு வார் வாராக நறுக்கி, முள்ளில் ஒருமுறை குத்தித் திருப்பி மறுபடி குத்தி, தோல் வெளிப்பக்கம் வரும்படி நிறுத்தவேண்டும். அதன்மேல் பழைய வலையிலிருந்து உருவிய நூலால் ஏழெட்டுச் சுற்று. முடிச்சு முள்ளின் காம்புப் பக்கம் இருக்கவேண்டும். முனைப் பக்கம் வந்துவிட்டால் மீன் வாயில் முள் ஏறாது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் வாங்கிய குட்டுகள் பல.

சதையோடு சேர்த்துச் சுற்றிய நூலைக் கொடுக்கு கிழிக்காது என்று சொல்லவில்லை. கிழிக்கும். ஆனால் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு விளமீன் வந்துவிட்டால் போதும். தாத்தாவின் கணக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று மிதப்பு. கட்டுமரம் செதுக்கும் இடத்தில் விழும் லேசான மரத்துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். தாத்தா அவற்றை இலந்தைப்பழ அளவுக்குச் சீவி, முள்ளுக்கு ஒரு சாண் மேலே காலில் கட்டுவார். இரை தரையில் படுக்காமல் எழும்பி நிற்கும். நண்டுக்குப் பின்கால்கள் துடுப்புப்போல் தட்டை, நீந்தவும் தெரியும். இருந்தாலும் அது மேய்கிற இடம் தரைதான். ஆடிக்கொண்டே நிற்கிற இரையைப் பிடித்து உட்கார்ந்து தின்ன அதற்குத் தோதுப்படாது. இங்கிலாந்தில் கரையோரத் தூண்டில்காரர்கள் இன்று ரப்பர் நூலால் இரையைச் சுற்றுகிறார்கள், மிதக்கும் மணியைக் கோர்த்து இரையைத் தூக்குகிறார்கள். படத்தில் அதைப் பார்த்தபோது எங்கள் பந்தல்தான் நினைவுக்கு வந்தது. ஒரே கள்வன், ஒரே பூட்டு.

நண்டையே இரையாக்குவதும் உண்டு. கயிற்றோடு தொங்கிக்கொண்டே வந்த நண்டை, விடாத பேராசைக்குத் தண்டனைபோல, ஓட்டைத் தட்டி விளமீனுக்குக் கோர்ப்பார்கள். ஓடு கழற்றிய மெத்தென்ற நண்டு கிடைத்தால் அது தனி அதிர்ஷ்டம்.

எல்லா நண்டையும் நாங்கள் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. மேலோட்டில் சிலுவைக் குறி உள்ளதைச் சிலுவை நண்டு என்போம். புனித சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தவர். பிறகு 1546இல் மலுக்குத் தீவுகளில் புயலில் அவர் தவறவிட்ட பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு அறையுண்ட சிலுவையை, ஒரு நண்டு கரையேறிக் கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபுக்கதை. பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது தாத்தா பேசாமல் இருப்பார். எடுத்துக்கொண்டு போகிற நண்டையே பார்த்துப் பழகியவருக்கு, திருப்பிக் கொடுத்த நண்டு ஒன்று இருந்தது பெரிய ஆறுதலாக இருந்திருக்கவேண்டும்.

இந்தக் கரையைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்தது ஏராளம். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு பற்றி நூல் வெளியிட்டார். தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் எத்தனை சிப்பி, அரசுக்கு எவ்வளவு வருமானம் என்றெல்லாம் குறிப்புகள் உண்டு. முத்தில் வருமானம் இருந்தது, சங்கில் வருமானம் இருந்தது. நண்டு கொண்டுபோன இரையில் யாருக்கும் வருமானம் இல்லை. எங்கள் கடலின் வரலாறு வருவாய்க் கணக்காகவே எழுதப்பட்டது என்பது என் வாழ்நாள் வருத்தம்.

நைலான் வந்தது. விசைப்படகுகளின் இழுவலை அடித்தரையைச் சுரண்டத் தொடங்கியது. கிடத்திய ஆயிரங்கால் கயிறுகளை வாரிக்கொண்டு போயிற்று. தாத்தாவின் தூண்டில் பரணில் ஏறியது.

பிறகு நடந்ததை அவர் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார். என் சிறுவயதில் வலையில் சிக்கிய நண்டைப் பொறுமையாகப் பிரிக்க ஆளில்லை. கட்டையால் தட்டி உடைத்து உதறுவார்கள். பிறகு காலம் மாறியது. அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் நண்டு போதாமல்போய், வாங்குபவர்கள் ஆசியக் கடல்களின் பக்கம் திரும்பினார்கள். நம் கடலில் ஓலைக்கால் நண்டு என்றும் நீலக்கால் நண்டு என்றும் சொல்கிற அதே இரைக் கள்வனின் சதை, அவித்து உதிர்த்து டப்பாவில் அடைத்துக் கப்பலேறுகிறது. உதிர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நண்டுக்கென்றே அடியில் நிறுத்தும் வலைகள் வந்துவிட்டன. பெரிய நண்டு இப்போது பல மீன்களைவிட விலை கூடியது. செசபீக்கில் முள்ளே இல்லாத நீண்ட கயிற்றில் இரையைக் கட்டிப் போட்டு, விடாமல் பற்றிக்கொண்டு மேலே வரும் நண்டைக் கைவலையால் அள்ளுவது பழைய தொழில். தாத்தா சபித்த அதே குணம்தான் அங்கே பிழைப்பு.

நண்டு விலைபோனது எங்கள் பெண்களுக்குக் கூலி கொடுத்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இரையைக் காப்பாற்றத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாய் மறைகின்றன. என் பேரன் வார இறுதியில் துறைமுகக் கல்லில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறான். இறாலை உரித்துக் கோர்க்கிறான், நண்டு தின்றுவிட்டுப் போகிறது. சென்ற மாதம் அவனுக்குத் தோலோடு கணவாய் நறுக்கி, நூல் சுற்றிக் காட்டினேன். விரல் நடுங்கினாலும் முடிச்சு காம்புப் பக்கமே விழுந்தது.

உங்கள் கரையில் ஆயிரங்கால் கோர்த்த பாட்டனோ பாட்டியோ இன்னும் இருந்தால், ஒரு மாலை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தரைக்கு எந்த இரை, எத்தனை சுற்று, மிதப்புக்கு எந்த மரம் என்று கேளுங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதி வையுங்கள்.