ஊராட்சித் தேர்தலும் கட்சிகளின் நிலைமாற்றமும்

சிம்பாங் அம்பாட் என்னும் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென் மாவட்டத்தில், பத்து காவானுக்கும் புக்கிட் தம்புனுக்கும் அண்மையில் அமைந்துள்ள ஊர் இது. கரும்பும் பின்னர் இரப்பரும் செம்பனையும் விளைந்த அவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்தனர். தோட்டங்கள் பல அழிந்து தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. 2014ஆம் ஆண்டு பினாங்கின் இரண்டாம் பாலம் பத்து காவானில் கரையேறிய பிறகு அந்த மாற்றம் மேலும் விரைவுற்றது.

இவ்வூர்க் குடிமகன் நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரையும் மாநிலச் சட்டமன்றத்திற்கு ஓர் உறுப்பினரையும் தன் வாக்கினால் தேர்ந்தெடுக்கிறான். ஆனால், வீட்டு முன்னுள்ள கால்வாய் அடைத்துக்கொண்டாலும், தெருவிளக்கு எரியாமற்போனாலும், அங்காடிக் கடைக்கு உரிமம் வேண்டினாலும் அவன் நாடிச் செல்ல வேண்டிய மன்றத்தில் அவன் தேர்ந்தெடுத்தவர் ஒருவரும் இல்லை. அம்மன்ற உறுப்பினர் அனைவரும் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள். மதிப்பீட்டு வரி செலுத்தும் கடமை அவனுக்கு உண்டு. வரிப்பணத்தைச் செலவிடுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் இல்லை.

இவ்வுரிமை மலாயா மண்ணில் என்றுமே இல்லாதிருந்த ஒன்றன்று. இருந்து, வளர்ந்து, பின் பறிபோன உரிமை இது. இதனைப் பறித்தவர் யார், மீட்பதாகச் சொன்னவர் யார், சொன்னதை மறந்தவர் யார் என ஆராய்வோர், எந்தக் கட்சியும் எல்லாக் காலத்திலும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை என்பதைக் காண்பர்.

உள்ளாட்சித் தேர்தலில் பினாங்கிற்கு முதலிடம் உண்டு. 1857ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ்டவுன் நகராண்மை ஆணையர்களில் சிலரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். வாக்காளர் தொகை மிகச் சிறியதாயினும், அக்காலக் குடியேற்ற நாடொன்றில் அது அரிய உரிமையே. 1913இல் பிரிட்டிஷ் ஆட்சி அதனை நீக்கிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலை உணர்வு வளர்ந்த காலத்தில் அவ்வுரிமை திரும்பியது. 1951 டிசம்பரில் ஜோர்ஜ்டவுனில் நடைபெற்ற நகராண்மைத் தேர்தலே மலாயாக் கூட்டரசின் முதல் தேர்தலாகும். அதில் பெரும்பான்மை இடங்களை வென்ற ரேடிகல் கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர் மருத்துவர் லிம் சோங் இயூ. அவர் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

இரண்டு திங்கள் கழித்து, 1952 பிப்ரவரியில், கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் நடந்தது. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சியை எதிர்ப்பதற்காக அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் அங்குக் கைகோத்தன. பன்னிரண்டு இடங்களில் ஒன்பதனை வென்றன. ம.இ.கா. அப்பொழுது எதிரணியில், டத்தோ ஓனின் பக்கம் நின்றது. 1954இல்தான் கூட்டணியில் சேர்ந்தது. 1955 பொதுத்தேர்தலில் பெருவெற்றி பெற்று, 1957இல் விடுதலை பெற்ற நாட்டை ஆளத் தொடங்கிய கூட்டணிக் கட்சி பிறந்த இடம் ஒரு நகராண்மைத் தேர்தற்களம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1957 ஜனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகரமாக உயர்ந்தது. அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் என்னும் தமிழர். சீனர் பெரும்பான்மையினராக வாழ்ந்த நகரில் ஒரு தமிழர் மேயரானது, வாக்காளர் இனத்தை மட்டுமே பார்த்து வாக்களிப்பர் என்னும் கூற்றுக்கு அன்றே கிடைத்த மறுமொழி எனலாம். அவர் பெயர் தாங்கிய சாலை அந்நகரில் உண்டு. அதே ஆண்டில் தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் இணைந்து அமைத்த சோசலிச முன்னணி, நாடாளுமன்றத்தில் சிறுபான்மையாக இருந்தபோதும், ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தைத் தன் கையில் வைத்திருந்தது. நாட்டை ஆளும் கட்சி ஒன்று, நகரை ஆளும் கட்சி மற்றொன்று என்னும் நிலை உருவானது.

1963இல் மலேசியா உருவானபோது இந்தோனேசியா அதனை எதிர்த்து மோதலில் இறங்கியது. அந்த நெருக்கடியைக் காரணங்காட்டி, 1965 மார்ச்சுத் திங்களில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அமைதி திரும்பியவுடன் தேர்தல் நடைபெறும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் அளித்தார். 1966 ஆகஸ்டில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று; தேர்தல் திரும்பவில்லை. மாறாக, அவ்வாண்டிலேயே ஜோர்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநிலத்தின் கூட்டணி அரசு எடுத்துக்கொண்டது. ஊராட்சித் தேர்தலை ஏணியாகக் கொண்டு ஏறிய கட்சி, மேலே அமர்ந்தபின் அதே ஏணியில் மற்றவர் ஏறுவதைக் கண்டு அதனை அகற்றிவிட்டது.

இங்கு மற்றொரு தமிழரின் பங்கு குறிப்பிடத்தக்கது. சில ஊராட்சி மன்றங்களில் முறைகேடுகள் நிகழ்ந்தன என்னும் குற்றச்சாட்டை ஒட்டி, 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஆளுங்கூட்டணியின் உறுப்பினராகிய அவர், ஆட்சிக்கு உகந்த முடிவையே அளிப்பார் என்று எதிர்பார்த்தோர் இருந்திருக்கலாம். ஆனால், 1968 இறுதியில் நிறைவுற்ற அவ்வாணையத்தின் அறிக்கை, குறைகளைத் திருத்த வேண்டுமேயன்றித் தேர்தலை ஒழிக்கக்கூடாது என்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மீண்டும் வரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. கட்சியின் நிலை வேறு, கட்சியில் உள்ள ஒருவரின் மனச்சான்று வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இவ்வறிக்கை சான்றாகும்.

1969 பொதுத்தேர்தலைத் தொழிற்கட்சி புறக்கணித்தது. வாக்குப்பெட்டியினால் நகராட்சியைப் பிடித்த கட்சி வாக்குப்பெட்டியையே விட்டு விலகியது. 1972இல் அதன் பதிவும் நீக்கப்பட்டது. அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில், 1968இல் தோன்றிய கெராக்கான் பினாங்கு மாநில ஆட்சியைக் கைப்பற்றியது. முதலமைச்சரானவர் முன்னர்க் குறிப்பிட்ட லிம் சோங் இயூ. நாட்டின் முதல் நகராண்மைத் தேர்தலில் வென்ற கட்சியை வழிநடத்தியவர், மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில் இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தார். எனினும் அவர் காலத்திலும், அவர்பின் வந்த கோ சூ கூன் காலத்திலும், பினாங்கு மக்கள் ஒரு நகராண்மை உறுப்பினரைக்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. 1972இல் கெராக்கான் ஆளுங்கூட்டணியோடு இணைந்தபின் அது கூட்டரசின் கொள்கைக்குக் கட்டுப்பட்டதாயிற்று.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நிறுத்திவைப்பை ஒழிப்பாகவே மாற்றிவிட்டது. உறுப்பினரை நியமிக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு அளிக்கப்பட்டது. தேர்தல் பற்றிய பழைய விதிகள் யாவும் செல்லாதனவாயின. சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களை நிருவகித்த சிறு மன்றங்கள் ஒன்றாக்கப்பட்டு, அதே ஆண்டில் செபராங் பிறை நகராண்மைக் கழகம் அமைந்தது. 2019இல் அது மாநகர் மன்றமாகத் தகுதி உயர்ந்தது. தகுதி உயர்ந்ததேயன்றி வாக்குரிமை திரும்பவில்லை.

எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயக செயல் கட்சி, ஊராட்சித் தேர்தலை மீட்க வேண்டும் என்று நெடுங்காலம் முழங்கி வந்தது. 2008 மார்ச்சில் அது பினாங்கின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. 2012இல் சட்டமன்றத்தில் ஊராட்சித் தேர்தலுக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. எனவே அக்கட்சி முயலவில்லை என்பது பொருந்தாது. எனினும் 2018இல் அது கூட்டரசு ஆட்சியிலேயே பங்கேற்றபோது தடை நீதிமன்றத்தில் இல்லை, அமைச்சரவைக்குள்ளேயே இருந்தது. மூன்றாண்டுகளில் தேர்தல் திரும்பும் என்று ஊராட்சித் துறை அமைச்சர் சுரைடா கமாருடின் கூறினார். அவ்வாண்டு டிசம்பரில், இனப்பூசல் விளையும் என்று கூறிப் பிரதமர் மகாதீர் அதனை மறுத்துவிட்டார். 2022 இறுதியில் அமைந்த ஒற்றுமை அரசாங்கத்தில் ஊராட்சித் துறையே ஜ.செ.க. அமைச்சரிடம் வந்தது. ஆயினும் 2024 முடியும்வரை நாட்டில் ஓர் ஊராட்சித் தேர்தலும் நடைபெறவில்லை.

தேர்தலை மறுப்போரின் அச்சத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நகரங்களில் ஓரினமே மேலோங்கும், நகர்ப்புறத்திற்கும் நாட்டுப்புறத்திற்கும் பிளவு வளரும் என்பது அவர்தம் வாதம். 2015இல் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங், 1969 மே 13 கலவரம் போன்றதொன்று மீண்டும் நேரலாம் என எச்சரித்தார். 1957 தொடக்கத்தில் ஜோர்ஜ்டவுன் நகர விழா ஊர்வலத்தின்போது இனமோதல் மூண்டதும் உண்மையே. ஆனால், 1969 கலவரம் பொதுத்தேர்தலை ஒட்டி எழுந்தது. அப்பொழுது ஊராட்சித் தேர்தல் நின்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. பொதுத்தேர்தலை எவரும் அதற்காக ஒழித்துவிடவில்லை. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டுமெனில், அதனைத் தேர்தல் முறையிலேயே வகுத்துக்கொள்ள இயலும்.

இத்தகைய நிலைமாற்றம் மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் 1959இல் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றியது, 1967இல் மாநில ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்னோட்டமாயிற்று. அதே கழகத்தின் ஆட்சியில் 1973இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அதன்பின் இரு திராவிடக் கட்சிகளும் மாறிமாறி ஆண்டபோதும், 1996 வரை சென்னை மக்கள் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. 1992இல் இந்திய அரசியலமைப்பில் செய்யப்பட்ட 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கின. அதற்குப் பின்னரும் 2016இல் பதவிக்காலம் முடிந்த தமிழ்நாட்டு நகர மன்றங்களுக்கு 2022இல்தான் தேர்தல் நடந்தது. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. அங்குத் தேர்தல் தாமதமானபோது, நடத்துக என்று நீதிமன்றத்தை நாட அரசியலமைப்பு வழிவிட்டது. இங்கு நடத்த முனைந்த மாநிலத்தையே சட்டம் தடுத்துவிட்டது.

கட்சிகள் அனைத்தும் பொய்யுரைப்பன என்பதன்று இவ்வரலாறு புகட்டும் பாடம். எதிரணியில் இருக்கும் கட்சிக்கு உள்ளாட்சித் தேர்தல் வளரும் வழி. ஆட்சியில் இருக்கும் கட்சிக்கோ அது தன் கையிலுள்ள நியமனங்களை இழக்கும் வழி. ஆளும் இடம் மாறும்போது பார்வையும் மாறுவது இயல்பே. ஆதலின், ஒரு கட்சியின் பற்றுறுதியை அது எதிரணியில் முழங்கியதைக் கொண்டு அளவிடலாகாது. தனக்கு இழப்பு நேரும்போதும் எதனைக் காத்தது என்பதைக் கொண்டே அளவிடல் வேண்டும். ஆதி நாகப்பன் அறிக்கை அவ்வகையில் இன்றும் படிக்கத்தக்கது.

வரலாறு பயிலும் மாணவர் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. இவ்வுரிமை ஒரே நாளில் பறிக்கப்படவில்லை. முதலில் தற்காலிகம் என்று நிறுத்தப்பட்டது. பின்னர்ப் பதினோராண்டுகள் கழித்து, மக்கள் பழகிவிட்ட நிலையில், சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. 1965இல் வாக்களிக்கும் வயதை எட்டிய சிம்பாங் அம்பாட் வாசியொருவர் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். அமைதி திரும்பியவுடன் வரும் என்று சொல்லப்பட்ட தேர்தலை மட்டும் அவர் காணவில்லை. அப்படியொரு தேர்தல் இருந்தது என்பதை அப்பேரப்பிள்ளைகள் அறியாதுபோனால், அதனைத் திருப்பிக் கேட்கவும் எவரும் இருக்கமாட்டார்.