வாலிலுள்ள சின்னம்: ஜேர்மனியப் போர்விமான மாதிரியுருக்களும் வரலாற்று நேர்மையும்

1979 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மேற்கு ஜேர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் விசித்திரமானதொரு வினாவுக்கு விடையிறுக்க நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தை உள்ளவாறே ஒத்த விளையாட்டு மாதிரியுரு ஒன்றின் வாலில், விரல் நுனியிலும் சிறிய சுவஸ்திகாச் சின்னம் இடம்பெறலாமா என்பதே அவ்வினா. இடம்பெறலாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. உயர்மன்றமொன்று பிளாத்திக்கு விளையாட்டுப் பொருளைப் பற்றி ஆராய்ந்தமை மேலோட்டமாக நோக்குவார்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆனால், கடந்தகாலத்தை உள்ளவாறே காட்டுதல் என்பதன் பொருள் யாது, அதன் எல்லை எது என்னும் பழைய வரலாற்றுச் சிக்கலே அங்கு வேறோர் உருவில் தோன்றிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

விமான மாதிரியுருக்களின் வரலாறு ஓரளவு புதியதே. 1930 களின் முற்பகுதியில் பிரித்தானியாவில் ‘ஸ்கைபேட்ஸ்’ என்னும் பெயரில் மரத்தாலான மாதிரியுருத் தொகுதிகள் விற்பனைக்கு வந்தன. ஆறடி நீளத்தை ஓரங்குலத்தில் அமைக்கும் 1:72 என்னும் அளவிடை அவற்றாலேயே நிலைபெற்றது. 1936 இல் ‘புறொக்’ நிறுவனத்தார் ‘பென்குவின்’ என்னும் பெயரில் பிளாத்திக்கினாலான தொகுதிகளை வெளியிட்டனர். முன்னர் அவர்கள் பறக்கும் மாதிரியுருக்களைச் செய்தவர். இவை பறவாதனவாகலின் பறக்கவியலாத பறவையின் பெயரை இட்டனர் போலும்.

போர் மூண்டதும் இவ்விளையாட்டு அரசின் பணியாயிற்று. வானிற் செல்வது நண்பனின் விமானமா பகைவனின் விமானமா எனச் சில கணப்பொழுதினுள் இனங்காண வேண்டியவராயினர் பீரங்கிப் படையினர். 1942 இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை இத்தேவைக்கென ஐந்து இலட்சம் மாதிரியுருக்களைச் செய்து தருமாறு நாட்டின் பாடசாலை மாணவரை வேண்டிற்று. அளவிடை அதே 1:72. அவையனைத்தும் கருநிறம் பூசப்பட்டவை. தொலைவில் தோன்றும் நிழலுருவே பயிற்சிக்கு வேண்டியதாகலின் நிறமும் சின்னமும் அங்கு வேண்டப்படவில்லை. பிற்காலத்தில் நிறத்தின் நுட்பத்துக்காகவே இரவுகளைச் செலவிட்டவர்களின் கலை இவ்வாறு நிறமற்றதோர் இடைக்காலத்தைக் கடந்து வந்தது.

போருக்குப் பின்னர் பொலிஸ்ரைரீன் என்னும் பிளாத்திக்கை உருக்கி அச்சினுட் செலுத்தும் முறை பரவியது. ஹங்கேரியிலிருந்து வந்து இலண்டனிற் குடியேறிய நிக்கலஸ் கோவ் 1939 இல் நிறுவிய ‘எயார்பிக்ஸ்’ நிறுவனம் 1950 களில் ஸ்பிற்பயர் விமானத்தின் மாதிரியுருவை மலிவு விலையில் வெளியிட்டது. சில ஆண்டுகளுள் அதன் எதிரியாகிய மெசர்ஷ்மிற் 109 உம் வந்து சேர்ந்தது. எதிரியின்றிப் போர் விளையாட்டு நிகழாதன்றோ? பெட்டிகளின் மேலிருந்த ஓவியங்களும் விற்பனைக்குப் பெரிதுந் துணைபுரிந்தன. 1964 இல் டோர்னியர் 217 இன் படத்துடன் எயார்பிக்ஸ் நிறுவனத்துக்கு வரையத் தொடங்கிய றோய் குறொஸ் பத்தாண்டுகள் அப்பணியைத் தொடர்ந்தார். எரியும் இயந்திரம், வெடிக்கும் குண்டு, சிதறும் புகை ஆகியவற்றை அவரது ஓவியங்களிற் காணலாம். 1970 களின் பிற்பகுதியில் அவ்வோவியங்களிலிருந்து வெடிப்புகளும் தீயும் அழிக்கப்பட்டன. விமானம் மட்டும் வெறும் வானில் மிதந்தது.

ஒரு மாதிரியுருவைச் செய்யும் முறை எளிதே. சட்டகத்திலிருந்து உறுப்புகளை வெட்டியெடுத்தல் வேண்டும். பசை எனப்படுவது உண்மையிற் பிளாத்திக்கைச் சிறிதளவு கரைத்து ஒன்றோடொன்று உருகச் செய்யும் திரவமாகும். விமானியின் இருக்கைப் பகுதிக்கு முதலில் நிறந்தீட்டியபின் உடலின் இரு பாதிகளும் இணைக்கப்படும். இணைப்பின் வெடிப்புகளை அடைத்து மெருகிட்டு நிறந்தூவி, நீரில் ஊறிய மெல்லிய சின்னப்படங்களை ஒட்டுவர். இவையனைத்துங் கைத்திறன் பற்றியன. அறிவுத்திறன் வேண்டப்படுவது எந்நிறம் என்னும் வினாவிலேயேயாம்.

1933 இல் நிறுவப்பட்ட ஜேர்மனிய வான்வழி அமைச்சு விமானங்களின் நிறங்களுக்கு எண்கள் வழங்கிற்று. போரின் தொடக்கத்தில் மேற்பரப்பில் 70, 71 என்னும் இரு கரும்பச்சைகளும் அடிப்பரப்பில் 65 என்னும் இளநீலமும் பூசப்பட்டன. 1941 அளவில் போர்விமானங்களுக்கு 74, 75, 76 என்னும் சாம்பல் நிறங்கள் வழக்கிற்கு வந்தன. வட ஆபிரிக்காவில் மணல்நிறம். உருசியாவின் பனிக்காலத்திற் கழுவியகற்றத்தக்க வெண்ணிறம். கிழக்குப் போர்முனையில் மஞ்சட் பட்டை. மத்தியதரைக் கடற் பகுதியில் வெண்பட்டை. ஜேர்மனிய விமானங்களை மாதிரியுரு செய்வோர் மிகுதியாக நாடுதற்கு அவற்றின் இந்நிற வேறுபாடே ஒரு முதன்மைக் காரணமாகும். அழகுணர்ச்சியே இந்நாட்டத்தின் ஊற்று என்பதை மறுத்தற்கில்லை. அதுவே சிக்கலின் ஊற்றுமாகும்.

இந்நிறங்களை அறிதற்கான சான்றுகள் மூன்று: ஆவணம், நிழற்படம், எஞ்சிய பொருள். நிழற்படங்களுட் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அக்காலப் படச்சுருள்களுள் ஒருவகை செந்நிற ஒளியை உணராதது. அதில் மஞ்சள் நிறம் இயல்பினும் கருமையாகத் தோன்றும். எல்லா நிறங்களையும் உணரும் மற்றொரு வகையில் அதே மஞ்சள் வெளிறித் தோன்றும். படச்சுருள் எவ்வகையதென்று அறியாது படத்தை மட்டும் நம்புபவர், எழுதியவன் யாரென ஆராயாது ஏட்டை நம்பும் வரலாற்றாசிரியரையே ஒப்பர். போரின் இறுதியாண்டுக்கோ ஆவணமும் தெளிவாக உதவுவதில்லை. 1944 இல் 81, 82 என்னும் புதுநிறங்கள் அறிவிக்கப்பட்டபோது, 81 ஐ ஒரு நிறுவனம் கபிலவூதா என்றது. மற்றொன்று ஒலிவுக்கபிலம் என்றது. 1944 பெப்ரவரியில் நேசநாடுகள் விமானத் தொழிலகங்களின்மீது நடத்திய பெருங் குண்டுவீச்சின் பின்னர் உற்பத்தி சிறு சிறு தொழிலகங்களுக்குப் பரவலாக்கப்பட்டது. ஓரிடத்திற் செய்த சிறகும் வேறோரிடத்திற் செய்த உடலும் வேறுவேறு நிறத்துடன் வந்து இணைந்தன. எனவே கடைசி மாதங்களின் விமானமொன்றிற் காணப்படும் பொருந்தா நிறம் செய்தவரின் பிழையன்று. சிதைந்துகொண்டிருந்த பேரரசொன்றின் பொருளாதார நிலையே அதில் எழுதப்பட்டுள்ளது.

இத்தகைய ஆய்வைப் பல்கலைக்கழகத்தார் தொடங்கவில்லை. பெரிதும் மாதிரியுரு ஆர்வலர்களுக்காகவும் அவர்களாலுமே அது வளர்ந்தது. மெறிக், ஹிச்கொக் ஆகிய இருவரும் 1980 இல் வெளியிட்ட நிற வழிகாட்டி நூலில் அச்சிட்ட நிறத்துக்குப் பதிலாக உண்மையான வண்ணப்பூச்சுத் துண்டுகளே ஒட்டப்பட்டிருந்தன. அதே காலப்பகுதியில் வாஷிங்ரனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் பொக்கவுல்ப் 190 விமானமொன்றைப் புதுக்கியபோது, பூச்சினைப் படையாகத் தேய்த்து, அவ்விமானம் முன்பு பெற்றிருந்த நிறக்கோலங்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தனர். அகழ்வாய்வாளர் மண்படைகளை அகற்றும் முறையும் இதுவேயாம். (பொக்கவுல்ப் விமானத்தை வடிவமைத்த கூர்ட் டாங்க் பின்னர் பெங்களூரில் இந்தியாவுக்கென ‘மாருத்’ போர்விமானத்தை வடிவமைத்தார், அது 1961 இற் பறந்தது.)

இத்துணை நேர்மையுடன் நிறத்தை ஆராய்ந்தவர் வாலை அடைந்ததும் தடையுறுகின்றனர். 1935 செப்ரெம்பரில் நூரெம்பேர்க்கில் இயற்றப்பட்ட கொடிச்சட்டம் சுவஸ்திகாக் கொடியையே ஜேர்மனியின் ஒரே தேசியக் கொடியாக்கிற்று. வாலிலிருந்த செம்பட்டையும் வெண்வட்டமும் போருக்கு முன்னரே நீக்கப்பட, சின்னம் மட்டும் எஞ்சியது. ஒரு கட்சியின் குறி அரசின் குறியாகி, அரசின் குறி ஒவ்வோர் இயந்திரத்திலும் பொறிக்கப்பட்ட வரலாறு அதில் அடங்கியுள்ளது. மேற்கு ஜேர்மனியின் குற்றவியற் சட்டம் 86அ பிரிவின்கீழ் இச்சின்னத்தைத் தடைசெய்தது. கலை, ஆராய்ச்சி, கற்பித்தல் முதலியவற்றுக்கு விலக்களித்தது. அருங்காட்சியகத்திலுள்ள விமானம் சின்னத்தைத் தாங்கலாம். கடையிலுள்ள பெட்டி தாங்கலாகாது. பயன்படுத்துபவரின் நோக்கம் எதுவாயினும் அச்சின்னம் பொதுவாழ்விலிருந்து முற்றாக அகற்றப்படல் வேண்டும். மீண்டும் அது பழகிய காட்சியாகிவிடலாகாது என்பதே 1979 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படை. இதனால் உற்பத்தியாளர் சின்னத்தை இரு துண்டுகளாகப் பிரித்து அச்சிட்டனர். அல்லது முற்றாக விடுத்தனர். பின்லாந்தின் வான்படை 1918 இல் சுவீடன் நாட்டுப் பிரபு எரிக் வொன் றோசனிடமிருந்து பெற்ற விமானத்திலிருந்த நீலச் சுவஸ்திகா நாசிகளின் சின்னத்தினின்றும் வேறான தோற்றமுடையது; எனினும் அதுவும் பெட்டி ஓவியங்களிலிருந்து மறைக்கப்படுவதுண்டு.

இதனை வரலாற்றைத் திரிக்கும் செயல் என்று ஆர்வலர் பலர் குறைகூறுவர். அவர்தம் வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. சின்னமற்ற மெசர்ஷ்மிற் குற்றமற்ற இயந்திரம் போலத் தோன்றுகின்றது. எவரது ஆணையால், எந்நகரின்மீது அது பறந்தது என்னும் வினா எழாமற் போகின்றது. ஆயினும் நீதிமன்றத்தின் அச்சம் வீணானதென்று கொள்ளுதலும் பொருந்தாது. சிறுவர் வாங்கும் கடையின் கண்ணாடிப் பேழைக்கு அருகில் விளக்கவுரை கூறும் ஆசிரியர் எவரும் நிற்பதில்லை. அன்றியும், முழுநேர்மை வேண்டும் என்போர் வேண்டும் நேர்மை பெரும்பாலும் பூச்சின் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றது.

மெசர்ஷ்மிற் 109 இன் உறுப்புகளை புளொசன்பேர்க் வதைமுகாமின் கைதிகள் செய்தனர். ஒறேனியன்பேர்க்கிலிருந்த ஹைங்கல் தொழிலகத்தில் சாக்சன்ஹவுசன் முகாமின் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். ஒஸ்திரியாவில், சென் ஜோர்ஜன் அருகே குன்றின் உள்ளே குடைந்த சுரங்கங்களில், மௌத்தவுசனைச் சேர்ந்த கூசன் முகாமின் கைதிகள் தாரைவிமானமாகிய மெசர்ஷ்மிற் 262 இன் உடற்பகுதிகளைப் பொருத்தினர். அச்சுரங்கங்களைக் குடைந்தவரும் அவர்களே. பசியாலும் அடியாலும் ஆயிரக்கணக்கானோர் அங்கு மாண்டனர். மாதிரியுருவில் தகட்டிணைப்பின் கோடுகளும் ஆணித்தலைகளும் எண்ணிக்கை பிசகாது பொறிக்கப்படுகின்றன. அவ்வாணிகளை அறைந்தோர் யாவர் என்பது பெட்டியினுள் வைக்கப்படும் செய்முறைத் தாள்களிற் காணப்படுவதில்லை.

விமான உற்பத்திக்குப் பொறுப்பாயிருந்த வான்படைத் தளபதி ஏர்காட் மில்ச் அடிமையுழைப்புத் தொடர்பாக 1947 இல் நூரெம்பேர்க்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுட்சிறைத் தண்டனை பெற்றார். 1951 இல் அது பதினைந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. 1954 இல் அவர் விடுதலையானார். மாதிரியுரு உற்பத்தியிற் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமாகிய ‘றெவெல்’, அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1956 இல் மேற்கு ஜேர்மனியின் பியூண்டே நகரில் தன் கிளையைத் திறந்தது.