காரணம் எழுதாத விடுதலை: தற்காப்புக் கொலையும் ஜூரி முறையும், சேலத்திலிருந்து ஒரு பார்வை

சேலம், நாமக்கல் சமவெளியில் வாய்க்கால் தண்ணீருக்கோ வரப்புக்கோ கிணற்றுப் பங்குக்கோ மூண்ட சண்டை கொலையில் முடிந்தால், "செத்தவன் கையில அரிவாள் இருந்துச்சா, இல்லையா?" என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போகுமுன் டீக்கடையில் எழுந்துவிடும். அதற்கு விடை சொல்லும் அதிகாரம் நூற்றைம்பது ஆண்டுகளில் யார் யாரிடம் கைமாறியது என்பதே இக்கட்டுரையின் தேடல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடுதலைச் செய்தி கேட்டு ஊர் கொதிப்பதில் பெரும்பங்கு, அந்த விடுதலைக்குக் காரணம் எழுதப்படாமல் போவதால் வருவது.

2024 வரை நடப்பில் இருந்த 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் தற்காப்புரிமையை 96 முதல் 106 வரையான பிரிவுகளில் வகுத்தது. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், சொத்தையும் காக்கலாம். 100ஆம் பிரிவின்படி, உயிர் போகும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல் போன்றவற்றை எதிர்கொள்கையில் தாக்கியவனைக் கொல்லும் அளவுக்கும் உரிமை நீண்டது. 99ஆம் பிரிவு அதற்குக் கடிவாளமாக இருந்தது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கும் கூடாது. வழக்கின் உயிர் இந்தத் "தேவை"யில்தான் இருக்கிறது. ஓடுகிறவனை முதுகில் வெட்டினால் அது பழிவாங்கல் என்று ஊரும் சொல்லும், சட்டமும் சொல்லும். எதிரே நிற்பவன் கையை ஓங்கிய அந்த நொடியில்தான் இரண்டும் தடுமாறுகின்றன.

அந்த நொடியை அளந்தது யார்? சென்னை மாகாணத்தில், தலைநகரின் உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் ஜூரி இருந்தது. மாவட்டங்களில் கொலை வழக்குகள் பெரும்பாலும் செஷன்ஸ் நீதிபதி முன்பு, அசெசர்கள் துணையோடு நடந்தன. அசெசர் உள்ளூர் மனிதர். கருத்துச் சொல்லலாம், நீதிபதி அதைத் தள்ளிவிடலாம். ஊரின் நியாயத்துக்கு நாற்காலி தந்து அதிகாரம் தராத ஏற்பாடு அது. கடைசிச் சொல் சென்னையில்தான் என்பதைச் சேலத்துக்காரர்கள் முன்பே கண்டிருந்தார்கள். 1882 கலவர வழக்கில் பத்தாண்டு தீவாந்தரத் தண்டனை பெற்ற சேலம் சி. விஜயராகவாச்சாரியாரை உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் விடுவித்தது. அவரே 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

ஜூரியின் குறை அதன் மௌனம். "குற்றவாளி", "குற்றவாளி அல்ல" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஜூரி வழக்கில் நீதிபதியும் முழுத் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கவில்லை. ஜூரிக்குத் தாம் சொன்ன விளக்கத்தின் தலைப்புகளைக் குறித்தால் போதுமாயிருந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் ஜூரி ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் திரை நட்சத்திரங்களான எம். கே. தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றது. உடன் குற்றம் சாட்டப்பட்ட ஸ்ரீராமுலு நாயுடுவை விடுவித்தது. பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947இல் இருவரும் விடுதலையானார்கள். அந்த ஆறு பேர் எதை நம்பினார்கள், மூன்று பேர் எதை நம்பவில்லை என்பதற்கு ஏடு கிடையாது.

மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது பம்பாயில் நடந்த வழக்கு தற்காப்பு வழக்கு அன்று. கைகலப்பில் துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்பதே எதிர்வாதம். ஆனாலும் சாகுமுன் என்ன நடந்தது என்ற அதே கேள்விதான் அங்கும். 1959இல் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று விடுவித்தது. நாளிதழ் வாசகர்களும் பம்பாய்த் தெருக்களும் இரு கட்சியாகப் பிரிந்தன. செஷன்ஸ் நீதிபதி மேத்தா அந்த முடிவை ஏற்க மறுத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் 1960இல் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961இல் அதை உறுதிசெய்தது. இந்த வழக்குதான் ஜூரியை ஒழித்தது என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. அது பாதி உண்மைகூட இல்லை. அசெசர் முறை 1955இலேயே நீக்கப்பட்டது. ஜூரியும் வேண்டாம் என்று 1958இல் செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1974 ஏப்ரலில் அப்போது புதிதாக நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இருக்கவில்லை.

அமெரிக்காவில் ஜூரி இன்றும் இருக்கிறது. 2013இல் புளோரிடாவின் சான்ஃபோர்டில் கறுப்பினச் சிறுவன் ட்ரேவான் மார்ட்டினைச் சுட்டுக் கொன்று, தற்காப்பு என்று வாதாடிய ஜார்ஜ் ஜிம்மர்மேனை ஆறு பெண்கள் கொண்ட ஜூரி விடுவித்தபோது, நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வாதாடுவதற்கு எழுத்தில் ஒரு வரியும் இல்லாத நிலையில், அந்த ஆறு பேர் யார் என்பதே வாதமாயிற்று.

இங்கே நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணங்கள் சேர்ந்தே தற்காப்புச் சட்டம் தெளிந்தது. தாக்குதலுக்கு உள்ளானவரின் பதில் அடியைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்று அம்ஜத் கான் வழக்கில் 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் அதுவரை வந்த கோட்பாடுகளைத் திரட்டித் தந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே தற்காப்பை நிறுவ வேண்டும். ஆனால் அதற்கு ஐயமற்ற நிரூபணம் தேவையில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

2012இல் அதிகாரம் இன்னொரு கைக்கும் போனது. மதுரையில் மகளைக் காக்கக் கணவனைத் தாக்கிக் கொன்ற தாயை, 100ஆம் பிரிவைச் சுட்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் விடுவித்தார். 2021இல் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் இளம்பெண் அவ்வாறே விடுவிக்கப்பட்டார். இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். அந்தப் பெண்களைச் சிறையில் வைத்து விசாரணைக்குக் காக்க வைப்பது அநீதி. எனினும் நீதிபதி எடைபோட வேண்டியதைப் போலீஸ் எடைபோடலாமா என்று கேட்ட வழக்கறிஞர்களின் கேள்வியையும் தள்ள முடியாது. தண்ணீர்த் தகராறில் பணக்காரர் ஒருவர் கூலியாளைக் கொன்றுவிட்டு அதே தற்காப்புரிமையைச் சொன்னால், ஸ்டேஷனில் யார் மறுப்பது?

2009 டிசம்பர் 31 முதல், விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே கிடைத்திருக்கிறது. இறந்தவரின் வாரிசும் அதில் அடக்கம். அதுவரை அரசு மனம் வைத்தால்தான் மேல்முறையீடு. வழக்கைப் போலீஸ் முடித்துவிட்டாலும் மாஜிஸ்ட்ரேட் முன் ஆட்சேப மனுப் போடலாம். அவர் காரணம் காட்டி உத்தரவிட வேண்டும். சங்ககிரியிலோ ராசிபுரத்திலோ மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த உத்தரவின் நகலைக் கையில் வாங்கி, எந்த வரியில் தனக்கு உடன்பாடில்லை என்று வக்கீலிடம் விரல் வைத்துக் காட்டலாம்.