பள்ளிக்கூடமும் துடைப்பமும்



கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பாடநூல்களையும் தேர்வுகளையும் பற்றி விரிவாக எழுதுவர்; துடைப்பத்தைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும், பள்ளியின் முற்றத்தையும் சமையற்கட்டையும் கழிப்பிடத்தையும் யார் துப்புரவு செய்வது என்ற வினா, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் நாட்டுக் கல்வியைத் தொடர்ந்து வருகிறது. பிறப்பைக் காட்டி ஒரு சாராரை அவ்வேலைக்கென ஒதுக்கிவைத்த நாட்டில் இது சிறு வினா அன்று. இதற்கு விடை தேடிய ஊர்கள் வங்கத்திலும் பீகாரிலும் மராட்டிய நாட்டிலும் உள்ளன. தாயகம் விட்டு அப்பகுதிகளில் வாழும் தமிழர்களாகிய நாம் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

முதலில் சாந்திநிகேதனத்தைக் காண்போம். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பின் பிள்ளைகள் 1914ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்திருந்தபோது, கவி தாகூர் தமது ஆசிரமத்தில் அவர்களுக்கு இடமளித்தார். மகன்லால் காந்தியின் பொறுப்பில் இருந்த அவர்கள் தம் வேலைகளைத் தாமே செய்து பழகியவர்கள். மறு ஆண்டு அங்கு வந்த காந்தியடிகள், கூலிக்குச் சமையற்காரரை வைத்துக்கொள்ளாமல் ஆசிரியரும் மாணவரும் தாமே சமைத்து, தாமே துப்புரவு செய்தால் என்ன என்று கேட்டார். ஆசிரியர்கள் இசைந்தால் தமக்குத் தடையில்லை என்றார் கவி; சுயராஜ்யத்தின் திறவுகோலே இம்முயற்சியில் இருக்கிறது என்றும் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார்.

1915 மார்ச் 10ஆம் நாள் வேலை தொடங்கியது. மாணவர் ஏறத்தாழ 125 பேர். ஒரு குழு காய்கறி நறுக்கியது. ஒரு குழு தானியம் புடைத்தது. ஆசிரியர் சிலர் மண்வெட்டி ஏந்திச் சமையற்கட்டின் சுற்றுப்புறத்தைச் சீர்செய்தனர். பெரிய பாத்திரங்களைத் துலக்கும் கடினமான வேலையை ஆங்கிலேயரான பியர்சன் ஏற்றார். அவ்வேலையின் அலுப்புத் தெரியாதிருக்க, மாணவர் சிலர் அருகில் இருந்து சிதார் வாசித்தனராம்! இம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் அதன் நினைவு அழியவில்லை. ஆண்டுதோறும் மார்ச் 10ஆம் நாளைக் காந்தி புண்ணியாகம் என்று கொண்டாடி, அன்று பணியாளருக்கு ஓய்வளித்து, மாணவரும் ஆசிரியரும் தாமே சமைத்துப் பெருக்கிக் கழுவும் வழக்கம் விசுவபாரதியில் நிலைபெற்றது.

அதே ஆண்டு ஹரித்துவாரத்தில் கும்பமேளா நடந்தது. கழிப்பிடக் குழிகளைப் பேணும் பணிக்குக் கூலியாட்களையே நம்பியிருந்தார் அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் தேவ். மலத்தை மண்ணிட்டு மூடும் அப்பணியைப் பீனிக்ஸ் குழுவினர் தாமாக முன்வந்து ஏற்றனர். இரண்டாண்டுகளில் அதே டாக்டர் தேவைச் சம்பாரண் மாவட்டத்தில் காண்கிறோம். 1917 நவம்பரில் பர்ஹர்வா, பிதிஹர்வா ஆகிய ஊர்களிலும், 1918 ஜனவரியில் மதுபனிலும் காந்தியடிகள் பள்ளிகளைத் திறந்தார். எழுத்தறிவிப்பதோடு தெருவைப் பெருக்குவதும், கிணற்றைத் தூர்வாருவதும், குட்டைகளை மூடுவதும் அங்கே தொண்டர்களின் பணிகளாயின.

அங்கு நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. பிதிஹர்வாவுக்கு அருகிலுள்ள சிற்றூரில், ஆடையைத் துவைத்து உடுத்தலாகாதா என்று பெண்களிடம் கேட்டார் கஸ்தூரிபா அம்மையார். ஒருத்தி அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று, தனக்கு உள்ளது உடுத்திய அந்த ஒரே புடவைதான் என்று காட்டினாள். தூய்மையைப் போதிக்குமுன், அதற்கு வேண்டிய பொருளும் நீரும் உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பாடத்தைப் போதிக்கச் சென்றவர்களே கற்றனர்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதிலிருந்து பிறந்ததே ஆதாரக் கல்வி. அக்குழுவை ஒருங்கிணைத்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். சாந்திநிகேதனத்தில் பணியாற்றியவரான அவரும், வங்கத்தவரான அவர் துணைவியார் ஆஷா தேவியும் சேவாகிராமத்தில் இக்கல்வியை நடத்திக் காட்டினர். அங்கே துப்புரவு தண்டனையாகக் கருதப்படவில்லை. அதுவே பாடமாக இருந்தது. குழிக் கழிப்பிடத்தில் மண் தூவும் பிள்ளை, ஈ எவ்வாறு நோய் பரப்புகிறது என்பதையும், மலம் எவ்வாறு எருவாகிறது என்பதையும் கற்றது. பிள்ளைகள் தம்முள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்து, உணவு, உடல்நலம், துப்புரவு ஆகிய பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டனர். ஆசிரியரும் அவர்களுடன் துடைப்பம் ஏந்தினர்.

விடுதலைக்குப் பின் ஆதாரக் கல்வி மெல்லத் தளர்ந்தது. ஆனால் சட்டம் வேறு வழியில் வந்தது. 1950இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிதோறும் குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் வேண்டும் என்றது. கையால் மலம் அள்ளும் தொழிலை 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தடுத்தன. 2014இல் பள்ளித் தூய்மைக்கென நாடளாவிய இயக்கம் தொடங்கிற்று. பீகார்ப் பள்ளிகளில் பால சன்சத் என்னும் மாணவர் மன்றங்கள் கைகழுவுதலையும் குடிநீரையும் கவனிக்கும் அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதைக் காணும்போது, சேவாகிராமத்தின் எதிரொலியைக் கேட்கிறோம்.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாக உணர்தல் வேண்டும். எல்லோரும் முறைவைத்துப் பெருக்குவது கல்வி. குறிப்பிட்ட வகுப்புப் பிள்ளைகளையே அழைத்துக் கழிப்பிடம் கழுவச் சொல்வது கொடுமை. இரண்டிலும் துடைப்பம் ஒன்றே. அதைப் பிடிக்கும் கை எவருடையது என்பதில்தான் அறம் இருக்கிறது. இத்தகைய கொடுமை நம் காலத்திலும் பல மாநிலங்களிலிருந்து செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. அமிலம் ஊற்றுவதும் மலக்குழியில் இறங்குவதும் எந்தப் பிள்ளைக்கும் உரிய வேலை அன்று.

ஆதலின், அயல் மாநிலத்தில் நம் பிள்ளை பயிலும் பள்ளிக்குச் செல்லும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்டு மீளாது, வேறு சிலவற்றையும் கேட்போம். குழாயில் நீர் வருகிறதா? சோப்பு உண்டா? துப்புரவு முறைப் பட்டியலில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் உள்ளதா? ஆசிரியர் பெயரும் உள்ளதா? நம் பிள்ளையின் பெயர் அதில் இருந்தால் நாணவேண்டா. அடுத்த வீட்டு ஏழைப் பிள்ளையின் பெயர் மட்டுமே இருந்தால் வாளாவிருக்கவேண்டா. 1915ஆம் ஆண்டில் 125 மாணவர்கள் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.