அருங்காட்சியகத்தில் மனையகம்

அரசர்தம் அணிகலன்களையும் அரிய கலைப்பொருள்களையும் பேணி வந்த ஐரோப்பிய அருங்காட்சியகங்கள், உழவர் இல்லத்து அடுப்பையும் கட்டிலையும் காட்சிக்குரியனவாகக் கருதத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். அம்மாற்றத்திற்குப் பெரிதும் காரணராயவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹாசேலியஸ் (1833–1901) என்பார். அவர் பயிற்சியால் மொழியறிஞர். 1860இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பழைய நோர்ஸ் மொழிப் பாடலொன்றை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். சுவீடிய எழுத்துமுறைத் திருத்தத்திற்கும் உழைத்தவர். ஆகவே அவர்தம் காட்சியறைகளை நூற்பதிப்பு நெறிகொண்டு நோக்குதல் பொருந்தும்.

1872இல் தலார்னா என்னும் நிலப்பகுதியிற் பயணம் செய்தபொழுது, ஊர்மக்களின் மரபுடைகள் வழக்கொழிந்து வருதலை ஹாசேலியஸ் கண்டார். உடனே பழம்பொருள்களைத் திரட்டலானார். 1873இல் ஸ்டாக்ஹோம் நகரில் அவர் திறந்த காட்சியகத்தில் முன்புறம் திறந்த அறைகள் அமைந்தன. அவற்றுள் மரபுடை அணிந்த உருவங்கள் நாடக மாந்தர்போல் நிறுத்தப்பட்டன.

1878இல் பாரிஸ் நகர உலகக் கண்காட்சியிலும் இவ்வகைக் காட்சிகள் இடம்பெற்றன. இறந்த குழவியின் அருகே இல்லத்தார் துயருற்றிருக்கும் காட்சி அவற்றுள் ஒன்று. அது அமாலியா லிண்டெகிரேன் என்னும் பெண் ஓவியர் 1858இல் தீட்டிய ஓவியத்தைத் தழுவியது. ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. உடையும் கலனும் மெய்ப்பொருள்களேயாயினும், அவற்றை ஒருங்கிணைத்த அமைப்பு ஓவியரின் படைப்பே. சொற்கள் அனைத்தும் பழையனவாக இருப்பினும், பதிப்பாசிரியர் தாமே தொடுத்த அடி மூலபாடம் ஆகாதன்றோ?

அதே கண்காட்சியில் நெதர்லாந்து நாட்டார் ஹிண்டலோப்பன் ஊர் அறையொன்றை அமைத்தனர். வண்ணந் தீட்டிய அறைகலன்களுக்குப் புகழ்பெற்றது அவ்வூர். அவ்வறையுள் மக்கள் புகுந்து நோக்கலாம். மேடைக்கு வெளியே நின்றவர் மனைக்குள் புகுந்த விருந்தினராயினர். அறையின் அளவும் நெருக்கமும் அவர்க்குப் புலனாயின.

மூன்றாம் படிநிலை முழு வீட்டையே பெயர்த்தமைத்தல். 1891இல் ஹாசேலியஸ் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், தலார்னாவின் மோரா ஊரிலிருந்து கொணர்ந்த மரவீடு நிறுவப்பட்டது. அடிமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடாதலின், பிரித்து மீண்டும் கோத்தல் இயல்வதாயிற்று. சுவரும் கூரையும் அடுப்பும் சேர்ந்து நிற்குங்கால், தனிக்கலன் உணர்த்தாத வாழ்க்கைமுறை விளங்குகின்றது. எனினும் அவ்வீடும் தன் நிலத்தையும் அயலாரையும் இழந்ததே.

ஆதலின் காட்சியறையைச் சான்றாகக் கொள்வார் மூன்றனை முதற்கண் வினவுதல் வேண்டும்: ஒரே வீட்டில் ஒருங்கிருந்த பொருள்கள் யாவை? பிறவிடத்திலிருந்து சேர்த்தவை யாவை? புதிதாகச் செய்து வைத்தவை யாவை? இவ்வேறுபாட்டை அருங்காட்சியகம் குறித்துக் காட்டுதல், பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டைக் குறித்தலோடு ஒக்கும். பழைய நூல்களில் வரும் மனைப்பொருட் பெயர்களுக்குக் காட்சியறையைக் கொண்டு பொருள் காணப் புகும் மாணவர்க்கு இவ்விழிப்பு இன்றியமையாதது. இன்றேல், 19ஆம் நூற்றாண்டின் அமைப்பாளர் கற்பனையை முன்னோர் வாழ்வாகப் பிறழ உணர்தல் நேரும். அழிந்துகொண்டிருந்த எளியோர் இல்லத்தை வரலாற்றுக்கு மீட்டுத் தந்த ஹாசேலியஸின் பெருமை இதனாற் குன்றாது. அவர் தந்ததைச் செவ்விதின் பயில்வதே அவர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.