ஃபிரிட்ஸ் தாத்தாவும் ஒரு மௌனப்படமும்

போட்ஸ்டாம்ல இருக்கிற சான்சுசி அரண்மனைக்குப் போனீங்கன்னா மாளிகையை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. மேல்தளத் தோட்டத்தோட ஓரத்துல சாதாரணமா ஒரு கல் பலகை கிடக்கும். அதுமேல பூவோட சேர்த்து உருளைக்கிழங்கும் வெச்சிருப்பாங்க. யாரோ காய்கறிப் பையைத் தவறவிட்டுட்டாங்கன்னுதான் நான் முதல்ல நினைச்சேன் :-)

அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கிறவர் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக். 1756-ல உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டவர். அதுக்குத்தான் இந்தப் படையல். பக்கத்துல இருக்கிற பலகைகள் அவரோட நாய்களுக்கு.

ஜெர்மன்காரங்க இவரை 'டெர் ஆல்ட்டே ஃபிரிட்ஸ்'னு செல்லமா சொல்லுவாங்க. நம்ம பாஷையில 'ஃபிரிட்ஸ் தாத்தா'ன்னு வெச்சுக்கலாம். இதே பேர்ல 1928-ல இரண்டு பாகமா ஒரு மௌனப்படம் வந்தது. இயக்கம் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட், மன்னர் வேஷம் ஓட்டோ கெபூர். முதல் பாகத்துக்குப் பேரே 'அமைதி'. ஏழாண்டுப் போர் 1763-ல முடிஞ்ச பிறகு, வயசாகி, பிள்ளை இல்லாம, மனைவியைப் பிரிஞ்சு வாழ்ந்த மன்னரோட கடைசிக் காலம்தான் கதை.

லாம்ப்ரெக்ட் போர் வெறி பிடிச்ச ஆள் இல்லை. அதுக்கு முன்னாடி பெர்லின் சேரி ஜனங்களைப் பத்திப் படம் எடுத்தவர். ஆனா கெபூர் முகம் ஏற்கனவே மக்கள் மனசுல பதிஞ்சு போயிருந்தது. 1922-23-ல நாலு பாகமா வந்த 'ஃபிரிடெரிகஸ் ரெக்ஸ்' படத்துலயும் அவர்தான் ராஜா. கடைசி கைசர் 1918-ல நாட்டை விட்டு ஓடி நாலே வருஷம்! குடியரசு நாட்டுல ராஜா புகழ் பாடற படமான்னு இடதுசாரிகள் புறக்கணிக்கச் சொன்னாங்க. ஜனங்க கேட்கலை, தியேட்டர் நிறைஞ்சது.

ஏன்? தோத்துப்போன போர், பணவீக்கம், தினம் ஒரு கட்சிச் சண்டை. அந்த நேரத்துல எல்லாத்தையும் தனியா சுமக்கிற ஒரு கண்டிப்பான பெரியவரைத் திரையில பார்த்தா ஆறுதலாத்தானே இருக்கும். 1925-ல 77 வயசு ஹிண்டன்பர்க்கை ஜனாதிபதியாத் தேர்ந்தெடுத்ததும் கிட்டத்தட்ட இதே மனநிலைதான்னு எனக்குத் தோணுது.

இதுல ஒரு வேடிக்கை. ஜெர்மானிய வீரத்தோட அடையாளம்னு தூக்கி வெச்ச இந்த மன்னர், பேசறது எழுதறது எல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சுலதான். சான்சுசிங்கிற பேரே 'கவலையில்லை'ன்னு அர்த்தம் வர்ற பிரெஞ்சுச் சொல். மௌனப்படத்துல அந்தப் பிரச்சனையே இல்லை பாருங்க. வாய் அசையும், எழுத்து அட்டை ஜெர்மன்ல வரும். பேசாத ராஜாவை யார் வேணும்னாலும் தன் குரல்ல பேச வெச்சுக்கலாம்.

அப்படித்தான் பேச வெச்சாங்க. 1928 மே தேர்தல்ல நாஜிகளுக்குக் கிடைச்சது 2.6 சதவீத ஓட்டுதான். 1933 ஜனவரியில ஹிட்லர் பிரதமர். அடுத்த மாசமே கெபூர் மறுபடியும் ராஜாவா 'லாய்த்தன் கீதம்' படத்துல, இந்தத் தடவை குரலோட. மார்ச் 21 அன்னைக்கு, ஃபிரெடரிக் சவப்பெட்டி இருந்த போட்ஸ்டாம் கேரிசன் தேவாலயத்துல ஹிட்லரும் ஹிண்டன்பர்க்கும் பெரிய விழா நடத்தினாங்க. போர் நடுவுல 1942-ல வந்த 'மாமன்னர்' படத்துலயும் கெபூர்தான். 1945-ல ஹிட்லரோட பதுங்கு அறைச் சுவர்லயும் ஃபிரெடரிக் படம் தொங்குச்சு.

ஆனா அந்தக் கிழவர் கேட்டது என்ன தெரியுமா? ஆடம்பரம் வேண்டாம், ராத்திரியில ஒரு விளக்கோட கொண்டுபோய் நாய்கள் பக்கத்துல புதைச்சிடுங்கன்னு எழுதி வெச்சிருந்தார். 1786-ல அவர் செத்ததும், அடுத்துப் பட்டத்துக்கு வந்த தம்பி மகன் அதைக் கண்டுக்கவே இல்லை. தேவாலயத்துல அப்பா பக்கத்துல வெச்சுட்டார். இளவரசரா இருந்தப்போ எந்த அப்பாகிட்டேர்ந்து தப்பி ஓடப் பார்த்தாரோ, அதே அப்பா. இரண்டாம் உலகப்போர்ல பெட்டி உப்புச் சுரங்கம் வரைக்கும் அலைஞ்சது. கடைசியா 1991 ஆகஸ்ட் 17 ராத்திரிதான் சான்சுசிக்கு வந்து சேர்ந்தார். 205 வருஷம் லேட். அன்னைக்குப் பகல்லயும் ராணுவ அதிகாரிகள் காவல் நிக்க மரியாதை நடந்தது. ஆடம்பரம் வேண்டாம்னு சொன்னவருக்கு!

லாம்ப்ரெக்ட் ஒரு தனிமைக் கிழவரைக் காட்டினார். பார்த்தவங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ராஜா. படத்துக்குக் கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியமே இல்லை, பார்க்கிற கூட்டத்துக்கு ஏக்கம் இருந்தா போதும். 'கண்டிப்பான ஒரு ஆள் வந்தாத்தான் நாடு உருப்படும்'னு யாராவது சொல்றப்போ, இப்பெல்லாம் எனக்கு அந்தக் கல்லும் உருளைக்கிழங்கும்தான் ஞாபகம் வருது. உயிரோட இருந்தப்போ ஒரு நாட்டையே ஆட்டி வெச்ச மனுஷன். தன் சவக்குழியைத் தானே முடிவு பண்ண முடியலை.